ஒரே மாதத்தில் மூன்றாம் நிலை

புதிய திட்டம் வருகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்ப்பது பீரோவில் இடம் இருக்கிறதா என்பதைத்தான். எங்கள் பள்ளியில் இருப்பது ஒரே ஒரு இரும்பு பீரோ. நான் வேலைக்கு வந்த பத்தொன்பது ஆண்டுகளில் வந்த மாற்றங்கள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. படம் ஒட்டிய அட்டைகள், ஏணி வரைந்த துணிப்படம், மணி கோத்த சட்டங்கள், வாய் திறக்காத ஒரு ஸ்பீக்கர் பெட்டி. ஒவ்வொன்று வந்தபோதும் எங்களை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இதுவரை செய்தது தவறு, இனிமேல் இப்படிச் செய்யுங்கள் என்றார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அதைச் சொன்னவர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். வேறொருவர் வந்து அதையே தவறு என்பார். நாங்கள் அங்கேயே இருப்போம்.

அதனால் அந்த வருடம் ஜூன் மாதத்தில் நிலைவாரிக் கற்பித்தல் என்று ஒன்று வந்தபோது நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று பிரித்து உட்கார வைக்கக்கூடாது. யாருக்கு எவ்வளவு தெரியுமோ அதன்படி முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று பிரித்து உட்கார வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளைக்கும் போனில் ஒரு தேர்வு. யார் எந்த நிலை என்பதைப் போனே முடிவு செய்து மேலே அனுப்பிவிடும்.

மேலே என்றால் எங்கே, யாருக்கு என்று பயிற்சியில் ஒருவர் கேட்டார். பயிற்சி கொடுத்தவர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அப்போதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. எங்கள் பள்ளியில் இருபத்தேழு பிள்ளைகள். இப்படிப் பிள்ளை குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சேர்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை எங்கள் கையாலேயே எழுதி வாங்கத்தான் இந்தப் போன் என்று நினைத்தேன்.

போடியிலிருந்து மலைப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் கடைசி நிறுத்தத்துக்கு முந்தியதில் இறங்கினால் எங்கள் பள்ளி. இரண்டு வகுப்பறை, ஒரு சமையல் கூடம், ஒரு தண்ணீர்த் தொட்டி, வாசலில் ஓர் இலவமரம். சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். பிள்ளைகளுக்கு அதுதான் மணி. பெரும்பாலான பிள்ளைகளின் அப்பா அம்மா விடியும் முன்னரே ஜீப்பு ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். காய் எடுப்பு நேரத்தில் வாரக்கணக்கில் மேலேயே தங்கிவிடுவதும் உண்டு.

ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒன்று, இரண்டாம் வகுப்புகள் தலைமையாசிரியருக்கு. மூன்று, நான்கு, ஐந்து எனக்கு. அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். ராசிங்காபுரத்துக்காரர். எதையும் சத்தமாகச் சொல்லிப் பழக்கம். ஆறு வருடம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று பாடம் நடத்தியிருக்கிறோம். அவர் சொல்லும் வாய்ப்பாட்டை என் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லுவார்கள். என் போன் பழையது, அதில் அந்தத் தேர்வு ஏறவில்லை. அவர் போனில்தான் இரண்டு வகுப்பறைக்கும் தேர்வு வைத்தோம். பள்ளிக்குள் சிக்னல் கிடையாது. தேர்வு முடிந்ததும் அவர் தண்ணீர்த் தொட்டியின் படியில் ஏறி நின்று போனை உயர்த்திப் பிடிப்பார். போன் சில சமயம் மலைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு கேரளாவுக்கு வரவேற்கும்.

ஜூலையில் ஒரு சிறுமி நான்காம் வகுப்பில் சேர்ந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பாவுக்கு மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. போடியில் ஓர் ஏலக்காய்க் குடோனில் காவல் வேலை கிடைத்ததால் குடும்பம் கீழே இறங்கிவிட்டது. அம்மா மட்டும் தினம் ஜீப்பில் மேலே போய் வந்தாள். சேர்க்க வந்த அன்று அவள்தான் பேசினாள்.

"டீச்சரே, இவ மேல மலையாளம் ஸ்கூல்லதான் படிச்சா. தமிழ் நல்லாப் பேசுவா. எழுத்து மட்டும் தெரியாது. கொஞ்சம் பாத்துக்கங்க."

பார்த்தேன். பேச்சில் படு சுட்டி. கணக்கை மனதாலேயே போடுவாள். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் மட்டும் வாசலைப் பார்ப்பாள். அந்த மாதத் தேர்வில் முதல் நிலை வந்தது. சரியாகத்தான் வந்திருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் எனக்குப் போடியில் இரண்டு நாள் பயிற்சி. அந்த இரண்டு நாளில் தேர்வை முடிக்கச் சொல்லி உத்தரவு. என் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தலைமையாசிரியரே தேர்வு வைத்தார். நான் திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தபோது அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே மூன்றாம் நிலை என்று இருந்தது.

"சார், இவளுக்கு எப்படி மூணு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா போட்டேன்? பிள்ளை தொட்டுச்சு, போன் போட்டுருச்சு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மதியம் சிறுமியைத் தனியே உட்கார வைத்து முதல் நிலைப் புத்தகத்தைத் திறந்தேன். "பட்டம்" என்ற சொல்லில் விரலை வைத்தேன். படத்தைப் பார்த்துவிட்டுப் பட்டம் என்றாள். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அடுத்த சொல்லைக் காட்டினேன். வாசலைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். அடுத்த வாரம் போடியில் நடந்த தலைமையாசிரியர்கள் கூட்டத்தில், நன்றாக முன்னேறிய பள்ளிகள் என்று நாலைந்தைச் சொன்னார்களாம். அதில் எங்கள் பள்ளியும் ஒன்று. திரும்பி வரும்போது அவர் பிள்ளைகளுக்கு மிக்சர் பொட்டலம் வாங்கி வந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் அதைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்தேன். தொட்டிப் படியில் நின்று அவர் போனில் எதையாவது தொட்டால், என்ன தொடுகிறார் என்று பார்ப்பேன். நான் வகுப்பைவிட்டு வெளியே வந்ததும் அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டால், எனக்காகத்தான் போட்டார் என்று தோன்றும். அவர் முன்பும் அப்படித்தான் போட்டிருப்பார். அப்போது நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் எனக்குள் ஓடியது. சிறுமிக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது ஊருக்கே தெரியும். நாளைக்கு யாராவது வந்து கேட்டால் வகுப்பாசிரியர் நான். கை அவருடையது, உருளப் போகும் தலை என்னுடையது.

செப்டம்பரில் வட்டார அலுவலகத்திலிருந்து பார்வையிட ஓர் இளம்பெண் ஸ்கூட்டியில் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. பிள்ளைகளோடு கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்துகொண்டு, நீல அட்டை போட்ட நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். நான் பேசினால் எழுதுவார். நான் பேசாமல் இருந்தாலும் எழுதுவார். டீ கொண்டுபோய் வைக்கிற சாக்கில் அந்த நோட்டைப் பார்க்க முயன்றேன். தலைகீழாக இருந்ததால் ஒரு வரியும் புரியவில்லை.

போகும் நேரத்தில் அவர் என்னை மட்டும் சமையல் கூடத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒரு பிள்ளை ஒரே மாசத்துல ஒண்ணுலேர்ந்து மூணு போயிருக்கா. எப்படி?"

இருபத்தேழு பேரில் இவர் கண்ணில் இவள் மட்டும் எப்படிப் பட்டாள்? யாரோ சொல்லாமல் பட்டிருக்காது. ஒருவேளை தலைமையாசிரியரே என்மீது சொல்லி வைத்திருப்பாரோ என்றுகூட நினைத்தேன்.

"அன்னைக்கு நான் இல்ல மேடம். சார்தான் பார்த்தாரு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "சாருக்குப் பேரு வாங்கணும்னு கொஞ்சம் ஆசை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். ஸ்கூட்டி போனபிறகு அடுத்த அறையில் தலைமையாசிரியர் இரண்டாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.  உண்மையைத்தானே சொன்னேன் என்று தேற்றிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவருக்குக் கடிதம் வந்தது. கடிதம் என்றால் போனில்தான். தொட்டிப் படியில் நின்று படித்தார். பதிவேற்றிய மதிப்பீட்டில் முரண்பாடு இருப்பதாகவும், ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. இறங்கி வந்தவர் வழக்கம்போல் சத்தம் போடவில்லை. என் வகுப்பு வாசலில் நின்றார்.

"டீச்சர், அந்தப் பொண்ணு வந்தப்ப நீங்க எதுவும் சொன்னீங்களா?"

"இல்ல சார்."

பிள்ளைகள் முன்னால் சொன்ன பொய் அது. அவர் சரி என்று போய்விட்டார். அன்றும் மறுநாளும் அவர் வாய்ப்பாடு சொல்லும் குரல் சுவரைத் தாண்டி வரவில்லை.

விளக்கத்தை எழுதுவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். அந்த மாதத் தேர்வு நாளில் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இந்தத் தடவ எல்லாருக்கும் நீங்களே வைங்க. நான் பக்கத்துலகூட வரல. அந்த மரத்தடியிலதான் இருப்பேன்."

சொன்னபடியே ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஓட்டிக்கொண்டுபோய் இலவமரத்தடியில் உட்கார வைத்தார். இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். சிறுமியை நேராக முதலில் கூப்பிட்டேன்.

மற்ற பிள்ளைகளுக்குச் செய்வதுபோலப் போனை நானே கையில் பிடித்துக்கொண்டு கேள்வியைக் காட்டினேன். ஒரு வாக்கியம், கீழே நான்கு படம். வாக்கியத்துக்கு ஏற்ற படத்தைக் காட்ட வேண்டும். அவள் பார்த்தாள். காத்திருந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"டீச்சரே, போனக் கொடுங்க."

"எதுக்கு? நான் பிடிச்சிருக்கேன், நீ சொல்லு."

"எங்கையில வேணும். சாரு கையிலதான் கொடுத்தாரு."

கொடுத்தேன். திரையின் மூலையில் மிளகளவுக்கு ஒரு குறி இருந்தது. அதை விரலால் தொட்டாள். போன் பேசியது. ஒரு பெண்குரல் வாக்கியத்தை முழுவதும் படித்துக் காட்டியது. அவள் போனைக் காதோடு வைத்து இன்னொரு தரம் கேட்டாள். பிறகு சரியான படத்தைத் தொட்டாள். அடுத்த கேள்வி. மறுபடியும் அந்தக் குறி, மறுபடியும் காது. ஒன்றுகூடத் தப்பவில்லை. மூன்றாம் நிலை என்று பச்சை எழுத்தில் வந்தது.

"இத உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

"ஆரும் இல்ல. எங்க அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அவருக்குப் போன்ல வர்றத இப்படித்தான் கேக்குறது."

"அன்னைக்குச் சார் பாக்கலயா?"

"சாரு சின்னப் பிள்ளைகளப் பாக்கப் போயிட்டாரு. செஞ்சு வைன்னு சொன்னாரு. செஞ்சு வச்சேன்" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா டீச்சரே?" என்றாள்.

தப்பில்லை என்றேன்.  படிக்கத் தெரிகிறதா என்று சோதிக்கும் கேள்வியையே படித்துக் காட்டுகிற குறி ஒன்று அதில் இருந்தது. பயிற்சியில் அதைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் நானே போனைப் பிடித்திருந்ததால் என் பிள்ளைகள் யாரும் அதைத் தொட்டதில்லை. அவர் தனி ஆளாக ஐந்து வகுப்பையும் மேய்த்துக்கொண்டு, போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுதான் அவர் செய்தது.

மரத்தடிக்குப் போனேன். பிள்ளைகள் மண்ணில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அப்ப நான் திருட்டுத்தனம் பண்ணல" என்றார்.

"நான் அப்படிச் சொல்லல சார்."

"சொல்லலயா?"

அந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஏனோ முடியவில்லை.

"சொன்னேன் சார். சார்தான் தேர்வு வச்சாருன்னு சொன்னேன். பேரு வாங்க ஆசைன்னும் சொன்னேன்."

 அவர் ஒரு பையனின் கையைப் பிடித்து 'ஆ' எழுத்தின் சுழியைச் சரியாக இழுத்துவிட்டார்.

"ஆசை இருந்துச்சுதான். இல்லன்னு சொல்லமாட்டேன். வெயிலு ஏறுது, பிள்ளைகள உள்ள கூட்டிட்டுப் போவோம்" என்று எழுந்தார்.

அடுத்த நாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வட்டார அலுவலகத்துக்குப் போனேன். நீல நோட்டுக்காரர் ஒரு ஓரத்து மேசையில் உட்கார்ந்து, தான் போய்வந்த பள்ளிகளின் படங்களை ஒவ்வொன்றாகப் போனில் ஏற்றிக்கொண்டிருந்தார். எந்தப் பள்ளியில் எத்தனை மணிக்கு நின்றார் என்பதை அவரும் காட்ட வேண்டுமாம். படம் ஏறாவிட்டால் அவர் போகவில்லை என்று ஆகிவிடுமாம்.

பேசும் குறியைப் பற்றிச் சொன்னேன். "நான் சொன்னதாலதான் சாருக்கு லெட்டர் வந்துச்சு. தப்பு என்மேல" என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"நீங்க சொன்னத நான் யாருக்கும் சொல்லல டீச்சர். ரெண்டு நிலை தாண்டிப் போனா லெட்டர் தானா அடிச்சிரும். நிறையப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கு. நான் வந்ததும் அந்த லிஸ்ட்ட வச்சுக்கிட்டுத்தான்."

"அப்ப அன்னைக்கு நோட்டுல என்ன எழுதுனீங்க?"

கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன். அவர் கோபப்படாமல் பக்கத்தைத் தேடி எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கரும்பலகையின் இடது மூலை தெரியவில்லை என்று எழுதியிருந்தது. மூன்று வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று இருந்தது. தேர்வு நாளில் ஐந்து வகுப்புக்கும் ஓர் ஆசிரியர் என்று இருந்தது. என் பெயரோ தலைமையாசிரியர் பெயரோ இல்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் திருப்பிக் காட்டியது அந்தப் பக்கம்தானா, அதற்கு அடுத்த பக்கத்தில் என்ன இருந்தது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது நிஜமாக இருந்தால், நான் சொன்ன சொல் யாரையும் போய்ச் சேரவில்லை. அதை நேரே கொண்டுபோய்த் தலைமையாசிரியரிடம் சேர்த்தது நானேதான்.

தலைமையாசிரியரின் விளக்கம் ஏற்கப்பட்டது. அக்டோபர் தேர்வில் வாசிப்புக் கேள்விகளிலிருந்து அந்தக் குறியை எடுத்துவிட்டார்கள். சிறுமி போனை வாங்கி மூலையில் தேடினாள். திருப்பிப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள்.

"டீச்சரே, போனு ஊமையாயிருச்சு" என்றாள்.

முதல் நிலை வந்தது. அழவில்லை. ஆனால் அன்று மதியம் சாப்பிட வரவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க நான் எந்த நிலைப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. கரும்பலகையில் அவளையே மலையாள எழுத்துகளை எழுதச் சொன்னேன். பக்கத்தில் நான் தமிழ் எழுத்தை எழுதினேன். 'க'வும் 'ண'வும் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்ததைப் பார்த்து அவள் கைகொட்டிச் சிரித்தாள். எனக்குத் தெரியாத எழுத்துகளை அவள் எனக்குச் சொல்லி, நான் தப்பாகச் சொன்னால் திருத்தினாள். வெளிச்சம் படாத வலது பக்கத்தில்தான் எழுதினோம். யாராவது வந்து கேட்டால் என்ன திட்டத்தின்கீழ் இதைச் செய்கிறேன் என்று சொல்வதென்று தெரியாமல், ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் பாதியை அழித்துவிடுவேன். பிப்ரவரியில் அவள் வாக்கியம் வாசித்தாள். போன் இரண்டாம் நிலை என்றது. இம்முறை யாரும் விளக்கம் கேட்கவில்லை.

பள்ளியை யாரோடும் சேர்க்கவில்லை. அந்த வருடம் சேர்க்கவில்லை என்று சொல்வதுதான் சரி.

தலைமையாசிரியர் என்னோடு ஒருநாளும் சண்டை போடவில்லை. டீ வந்தால் கூப்பிடுவார். மழை வந்தால் பஸ் நிறுத்தம்வரை வண்டியில் கொண்டுபோய் விடுவார். ஆனால் எதையும் என்னிடம் வாயால் சொல்வது நின்றுபோனது. பேனா வாங்க வேண்டும் என்றால்கூடத் தாளில் எழுதித் தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டார். மே மாதம் மாறுதல் கேட்டு ராசிங்காபுரம் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விட்டார்.

"வீட்டுக்குப் பக்கம் டீச்சர். அம்மாவுக்கும் முடியல" என்றார்.



பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் பீரோவைத் திறந்து உள்ளே இருந்ததை எல்லாம் வெளியே எடுத்துப் பரப்பினார். அட்டைகள், துணிப்படம், மணிச் சட்டம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் என் கையெழுத்தை வாங்கினார். சமையல்கார அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்.

"நான் எதுக்கு சார்? அடுப்புல சோலி கிடக்கு" என்றாள் அந்த அம்மா.

"சும்மா நில்லும்மா. சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கட்டும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் எல்லா வரியிலும் கையெழுத்துப் போட்டேன். அவர் சாவியை என் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தார். வைத்ததையும் பதிவேட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு வர்றேன் டீச்சர் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.